அறுபது கேலன் கிணறு

கணக்கில் நான் புலி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாடம் நடத்திய கன்னியாஸ்திரீகள் மற்ற எதற்கெல்லாமோ என்னை முட்டி போட வைத்திருக்கிறார்கள். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் ஒரு நாளும் வைத்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அந்தத் திமிர்தான் ஒரு மழைக்காலத்தில் சாரம் என்கிற ஊரின் ஜனங்களைக் கொல்லப் பார்த்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்குச் சொல்லவே தைரியம் வராது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம். எனக்கு இருபத்து நான்கு வயது. சுகாதார ஆபீஸில் நர்ஸாக இருந்தேன். கார்த்திகை பிறந்ததும் ஒரு புயல் வந்தது. இரண்டு நாள் ஊரைப் போட்டு உலுக்கிவிட்டுப் போனது. கடற்கரைச் சாலையில் மரங்கள் வேரோடு கிடந்தன. வடக்கே கனகசெட்டிக்குளத்தில் கடல் உள்ளே புகுந்து குடிசைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று தகவல் வர, எங்கள் ஆபீஸில் ஓடியாட முடிந்த ஆண்கள் அத்தனை பேரும், கைவசம் இருந்த காலரா ஊசி மருந்தும், அந்தப் பக்கம் போய்விட்டன. ஆபீஸில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் எங்கள் டாக்டர். முழங்கால் வலிக்காரர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் நாளில் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதால் ஊரே அவரை 'முசே' என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் 'ஐயா' மாதிரி. இன்னொருத்தி நான்.

அப்போது சாரம் இன்றைக்கு இருப்பதுபோல வீடுகள் நெருங்கிய இடமில்லை. வயலும் குட்டையும் நடுவே தெருக்களும். மேற்கே ஏரி உடைந்து வந்த தண்ணீர், வயல்காட்டில் என்னென்ன கிடந்ததோ அத்தனையையும் அடித்துக்கொண்டு வந்து, தெருக் கிணறுகளுக்குள் இறங்கிவிட்டது. மனிதர் ஒதுங்கும் இடமும் மாடு செத்துக் கிடந்த இடமும் அதில் சேர்த்தி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் வாந்திபேதி கண்டுவிட்டது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அது சாரத்துக்கு வர ஒரு குடம் தண்ணீர் போதும்.

"மத்மாசெல், சாரம் உன் பொறுப்பு. கெணறு ஒண்ணு விடாம மருந்து போடணும்" என்றார் முசே. கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பழைய நாளில் கிணற்றுக்கு மருந்து என்றால் ஜாவெல் தண்ணீர். குளோரின் நெடியடிக்கும் பிரெஞ்சு மருந்து, பாட்டிலில் வரும், லிட்டர் கணக்கில் ஊற்றுவோம். இப்போது சென்னையிலிருந்து லாரியில் இரண்டு பெரிய டின் பிளீச்சிங் பவுடர் வந்திருந்தது. வழியில் கோரிமேட்டில் சாலை அறுத்துக்கொண்டு கிடந்ததால் அங்கேயிருந்து தலைச்சுமையாகத்தான் டின்கள் வந்தன. கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அகராதியை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் தாளைத் தமிழாக்கிவிட்டேன். கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கு. அதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கு. அதை ஐந்தால் பெருக்கு. வருவது கேலன். வெள்ளம் புகுந்த கிணற்றில் ஆயிரம் கேலனுக்கு நாலு அவுன்ஸ் பவுடர். அவ்வளவுதான், இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவுன்ஸ் எனக்குப் பழக்கம்தான், மருந்துக் கடைகளில் புழங்குகிற அளவு. கேலனை மட்டும் நான் கண்ணால் கண்டதில்லை. ஏதோ பெரிய பீப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். விட்டத்தை எதில் அளக்க வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை. எழுதிய புண்ணியவானுக்கு அடியைத் தவிர உலகத்தில் வேறு அளவு இல்லை. எனக்கோ மீட்டரைத் தவிர வேறு அளவு இல்லை. ஆபீஸ் நாடாவே மீட்டர் நாடாதான். அதை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.

முதல் கிணறு, சாரத்தின் டீக்கடைத் தெருவில். விட்டம் இரண்டு மீட்டர். தண்ணீர் மூன்று மீட்டர் ஆழம். இரண்டு இரண்டு நாலு, நாலு மூணு பன்னிரண்டு, பன்னிரண்டு ஐந்து அறுபது. அறுபது கேலன். அறுபது பீப்பாய்த் தண்ணீர் ஒரு கிணற்றில் இருக்கும்தானே என்று என் மனக்கண்ணும் தலையாட்டியது. அறுபது கேலனுக்குக் கால் அவுன்ஸ் பவுடர். ஒரு தேக்கரண்டி. வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததைக் கிணற்றில் ஊற்றி, வாளியை மேலும் கீழுமாக இழுத்துக் கலக்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்து, குடிக்கலாம் என்றேன். சுற்றி நின்ற பெண்கள் யாரும் குடத்தைக் கிணற்றில் இறக்கவில்லை.

"மருந்து போட்டவங்க மொதல்ல குடிக்கட்டும்" என்றாள் ஒருத்தி.

சொன்னவள் டீக்கடைக்குத் தண்ணீர் சுமப்பவள். நாற்பது வயது இருக்கும். மூங்கில் தண்டின் இரு பக்கமும் மண்ணெண்ணெய் டின்களைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து நடப்பாள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை மருந்தம்மா என்றாள். தெருவில் ஒரு கறாரான முறை இருந்தது: ஊர்க் கிணற்றில் யார் எதைப் போட்டாலும் போட்டவர்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். நான் குடித்தேன். ஒரு கை இல்லை, இரண்டு கை அள்ளிக் குடித்தேன். எனக்குப் பிறகு தெருவே குடித்தது. கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் 'குடிக்கலாம்' என்று எழுதிக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். கையெழுத்து யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்டேன், திமிர்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு கிணறு. இருபத்திரண்டிலும் முதல் வாய் நான்தான். "மருந்து போட்ட மாதிரியே தெரியல, தண்ணி பழைய ருசியாவே இருக்குது" என்று பெண்கள் மெச்சினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜாவெல் ஊற்றிய காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த ஜனங்கள் அல்லவா? இரண்டாவது டின்னை மூடியே திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்து முசேயின் மேஜைக்குக் கீழே வைத்தேன். "சிக்கனமா வேல பாத்திருக்க" என்று அவரும் பாராட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, செய்த வேலையை ரசிக்கத்தான் டீக்கடைத் தெருவுக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என அவளுக்கு விளக்கினேன். இறைத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம், எல்லாம் கணக்கு என்றேன்.

"எவ்ளோ இருக்குதாம்?"

"அறுபது கேலன்."

அவள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள். "அறுவது கேலனா? இந்தா, இந்த மண்ணெண்ணெ டின்னு நாலு கேலன். கடைக்காரன் அப்படித்தான் விக்கறான். அப்போ கெணத்துல மொத்தம் பதினஞ்சு டின்னு தண்ணிதானா? காலையிலேருந்து நான் ஒருத்தியே முப்பது டின்னு எறைச்சிட்டேன் மருந்தம்மா. கெணறு ஒரு சாணு கூட எறங்கல."

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. டின்னைப் பார்த்தேன். கிணற்றைப் பார்த்தேன். பெருக்கலைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், தப்பே இல்லை. விட்டமும் சரி, ஆழமும் சரி. அப்படியானால் அளந்த நாடாதான் தப்பு, இங்கிலீஷ்காரன் கணக்கு அடியில். வெள்ளம் புகுந்த அத்தனை பெரிய கிணற்றுக்கு ஒரு தேக்கரண்டி மருந்தைக் காட்டிவிட்டு, குடிக்கலாம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மருந்து நாறாததற்குக் காரணம் இப்போது புரிந்தது. நாறுவதற்கு அங்கே மருந்தே இல்லை. நேற்றிலிருந்து சாரம் குடித்துக்கொண்டிருப்பது பச்சை வெள்ளத் தண்ணீர். என் பேச்சை நம்பிக் குடிக்கிறார்கள்.

"அக்கா, யாரையும் இறைக்க விடாத. நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு யாரும் குடிக்கக் கூடாது" என்று கத்திவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

முசே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் நிதானமாகத்தான் பேசினார். "பவுடர் மிச்சம் இருக்குதில்ல? போய் சத்தமில்லாம இன்னொரு தடவ போட்டுடு. தப்பா போட்டோம்னு வெளிய சொன்னா, நாளைக்கு நாம என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க. கெணத்த விட்டுட்டுக் குட்டைக்குப் போயிடுவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கிணற்றுக்கு மருந்து போட்டுவிடலாம், நேற்றே பிடித்து வீட்டுக்குள் வைத்திருக்கும் தண்ணீரை என்ன செய்வது? ஒவ்வொரு வீட்டிலும் அண்டா, குடம், பானை. சொல்லாவிட்டால் அதை இன்னும் இரண்டு நாள் குடிப்பார்கள். கைப்பிள்ளைக்கும் அதைத்தான் புகட்டுவார்கள்.

"வீட்டுல இருக்கற தண்ணிய யார் வந்து கொட்டறது முசே? நீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவரிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு மேஜைக்குக் கீழே குனிந்து, மூடி திறக்காத டின்னைத் தானே இழுத்து என் பக்கம் தள்ளினார்.

"போ. ஆபீஸ் தப்புன்னே சொல்லு. தாள நானும் ஒரு தடவ படிச்சிருக்கணும்."

அந்த மனிதருக்கு அன்று நான் மனத்துக்குள் கும்பிடு போட்டேன்.

தண்டோரா போடுகிறவரைத் தேடிப் பிடித்தேன். மூன்று நாள் மழையில் அவருடைய தப்பட்டை நனைந்து ஊறிப் போயிருந்தது. அடித்தால் சத்தமே எழவில்லை. காய்ச்சலாம் என்றால் ஊரில் காய்ந்த வைக்கோல் ஒரு பிடி கிடையாது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, தண்ணீர் சுமக்கும் அக்கா தன் டின் ஒன்றைத் தண்டிலிருந்து அவிழ்த்தாள். ஒரு விறகுக் கட்டையை எடுத்து அதன் முதுகில் நாலு போடு போட்டாள். தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. அதைவிட நல்ல தண்டோராவை நான் கேட்டதில்லை.

அவள் அடிக்க, நான் கத்திக்கொண்டே நடந்தேன். "நேத்து கெணத்துல போட்ட மருந்து பத்தாது! கணக்கு தப்பாயிடுச்சு! தப்பு என்னுது! வீட்டுல புடிச்சு வச்ச தண்ணி அத்தனையும் கீழ ஊத்துங்க!"

முதல் முறை 'தப்பு என்னுது' என்பதை மட்டும் குரல் இறக்கிச் சொன்னேன். ஐந்தாவது தெருவில் அது சரளமாக வந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதையும் சொல்ல வேண்டும். "படிச்ச பொண்ணுன்னு நம்பினோமே" என்றார்கள். "எம் புள்ளைக்கு ஏதாவது ஆனா உன்ன உட மாட்டேன்" என்று ஒருத்தி மண்ணை வாரிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி, இடுப்பொடியச் சுமந்த தண்ணீர், கொட்ட மாட்டேன் என்று அண்டாவின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறி, அவளைத் தாண்டிப் போய் அண்டாவைக் காலால் சாய்த்தேன். தண்ணீர் வீடெல்லாம் ஓடியது. அடுத்த நிமிஷம் வெட்கமாகிவிட்டது. அவளோடு சேர்ந்து நானும் வீட்டைத் துடைத்தேன். துடைத்தபடியே அவள் என்னைத் திட்டினாள். துடைத்தபடியே நான் கேட்டுக்கொண்டேன்.

அளப்பதற்கு அடி நாடா வேண்டுமே. அதே தெருவில் ஒரு தையல்கார பாய் இருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, வாசலில் நின்று எங்கள் ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தவர், விஷயம் தெரிந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"பன்னெண்டு இஞ்ச் ஒரு அடி தங்கச்சி. நீ பெருக்கறத மட்டும் பாரு, அளவெல்லாம் என்னுது. இருவது வருசமா அளந்துதான் சோறு துண்றேன்" என்றார்.

சட்டைக்கு அளவெடுப்பதுபோலவே கிணற்றுக்கும் அளவெடுத்தார். "சுத்து வேணாம், நடு மட்டும்தான வேணும்?" என்று கேட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு அதன்மேல் டேப்பை வைத்தார். ஆழத்துக்குக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த கயிற்றை மடியில் போட்டு அளந்தார். டீக்கடைத் தெருக் கிணறு ஆறரை அடி விட்டம், பத்தடி ஆழம். பெருக்கினேன். இரண்டாயிரத்து நூறு கேலனுக்கு மேல். அக்காவின் டின்னில் ஐந்நூறைத் தாண்டும். நேற்று ஒரு தேக்கரண்டி போட்ட இடத்தில் இன்று பெரிய டம்ளர் நிறையப் பவுடர்.

டின்னைத் திறந்ததும் காரமான நெடி மூக்கைப் பிய்த்தது. எனக்கு அது ஜவ்வாதாக மணத்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு விம்மும். பாய் அளந்தபடி முன்னே போனார். நான் பெருக்கிப் பவுடரை அளந்து கொடுத்தேன். கரைத்துத் தெளியவிட ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு பெண்கள், கலக்க இரண்டு பேர் என்று அக்காவே ஆள் பிரித்தாள். யார் பேச்சையும் கேட்காத சாரத்துப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டார்கள். மண்ணை வாரி நின்றவள் மூன்றாவது கிணற்றில் வாளி இழுத்தாள். அண்டாக்காரி, மருந்து போட்டு ஒரு மணி நேரம் ஆகும் முன்னால் யாரும் குடத்தை இறக்காதபடி கையில் விளக்குமாற்றோடு ஐந்தாவது கிணற்றுக்குக் காவல் நின்றாள். ஒரு நாளும் ஒரே கிணற்றில் சேர்ந்து நின்றிராத வீட்டுக்காரர்கள் அன்று ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பொழுது சாய்ந்தபோது இருபத்திரண்டாவது கிணறும் முடிந்தது. இரண்டு டின்னும் காலி.

முதல் வாய் குடிக்க நான் கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "நேத்தும் நீதான் குடிச்ச. இன்னிக்கு நாங்க எல்லாரும்தான போட்டோம்" என்று சொல்லி, தானே அள்ளிக் குடித்து, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு காறினாள். "த்தூ! நேத்து தண்ணி எவ்ளோ நல்லா இருந்துது!"

அதற்குப் பிறகுதான் நரகம். முந்தின நாள் குடித்தவர்கள் குடித்ததுதானே? அது வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? தினமும் காலையில் வீடு வீடாகப் போய், வயிறு எப்படி என்று கேட்டேன். புதிதாக வந்த டின்னிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் கிணறுகளுக்கு மருந்தும் போட்டேன். நானும் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீர் குடித்தவள்தான். என் வயிறு லேசாக உறுமினால்கூட உயிர் தொண்டைக்கு வந்துவிடும். சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளை செத்தால், அந்தத் தெருக் கிணற்றில் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நிற்பேன் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

மூன்றாம் நாள் தையல்கார பாய்க்கு வயிற்றால் போகிறது என்று ஆள் வந்தது. ஓடினேன். கால் தரையில் பாவவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த கஞ்சித் தண்ணீரோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பிடித்து, கண்ணைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, கடைசியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மழையில் நனைந்து முளைவிட்ட வேர்க்கடலை, வறுக்காமல், ஒரு முறம். வீணாய்ப் போகிறதே என்று தின்றாராம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் நான்கு மணி நேரம் நான் அந்த வீட்டை விட்டு நகரவில்லை.

எட்டாம் நாள் காலை, ஆபீஸ் வாசலில் பெரிய கூச்சல். எட்டிப் பார்த்தேன். முன்னால் அக்கா. பின்னால் சாரத்துப் பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு ஒரு முப்பது பேர். எந்த வீட்டில் யார் போய்விட்டார்களோ என்று நினைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முசே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

"மருந்தம்மாவ கூப்பிடுங்க முசே! இனிமே எங்க கெணத்துல மருந்து போடக் கூடாது" என்று அக்கா ஆரம்பித்தாள். "டீ எல்லாம் கசாயம் மாதிரி இருக்குது. கடைக்காரர் என்னைத் திட்டறாரு. சோறு நாறுது. மோரு நாறுது. தலைக்கு ஊத்துனா தலை நாறுது. எத்தினி நாளைக்கு இந்த இம்சை?"

"அது இருக்கட்டும். உங்க தெருப் பக்கம் எத்தினி பேருக்கு வாந்தி, வயித்தால போறது?" என்று கேட்டார் முசே.

அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தமில்லாமல் கேட்கிறாரே என்கிற எரிச்சல் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சீக்கா? யாருக்கு? எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க முசே. நாங்க வந்தது தண்ணி நாத்தத்துக்கு!"

முசே தலையை நிமிர்த்தி என் ஜன்னலைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் மருந்து அறைக்குள் ஓடி, அலமாரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெளியே அக்கா என்னைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு குரலாகக் காது கொடுத்து அடையாளம் பார்த்தேன்: மண்ணை வாரியவள், அண்டாக்காரி, பாய் வீட்டம்மா. ஒரு குரல்கூடக் குறையவில்லை. சாரமே உயிரோடு வந்து நின்று என்னைத் திட்டியது.